பேச்சிமுத்துவுக்கு நீ கொடுத்த குரல்

அம்மா,

சிடி முழுக்கப் பூண்டுச் சட்னி வாசனை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சமீர், வடாபாவ் சுற்றிய காகிதத்திலேயே அதையும் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன். மேலே ஸ்கெட்ச் பேனாவால் அந்தக் கார்ட்டூனின் இங்கிலீஷ் பெயர். அதற்குக் கீழே 'முதல் வருஷம்' என்று எழுதியிருந்தான். பெயரைப் படித்ததும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் வீட்டில் அதற்கு அந்தப் பெயரே கிடையாதே. 'அட, பேச்சிமுத்து வீடு!' என்று தோன்றியது கொஞ்ச நேரம் கழித்துத்தான். அதன் பிறகு அடுத்த பீரியட் முழுவதும் யாரையும் வம்புக்கு இழுக்காமல் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து, காய்ச்சலா என்று கேட்டார்.

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு குடும்பம். தொப்பை அப்பா, நீண்ட கழுத்து அம்மா, பரட்டைத் தலைப் பையன், தொட்டிலில் ஒரு குழந்தை. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொடர், இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை வருஷமாகியும் அந்தப் பையன் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான்தான் அவசரப்பட்டுப் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டேன்.

காசர்வாடியில் அதே அறைதான் இன்னும் நமக்கு. ஒரு பக்கம் மும்பை ரோடு, இன்னொரு பக்கம் லோக்கல் ரயில், தலைக்கு மேல் தகரம். அந்தக் காலத்தில் அப்பாவுக்குப் போசரியில் லேத் பட்டறையில் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து குளித்து, தின்று, சுவர்ப்பக்கம் திரும்பிக் கட்டிலில் படுத்தார் என்றால் விளக்கு வைக்கும் நேரம்தான் எழுந்திருப்பார். நான் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியைப் போட்டதும் நீ ஓடிவந்து சத்தத்தை அடியோடு திருகிவிடுவாய்.

"ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? ஒங்கப்பா ஒறங்குதாவ."

ரயில் போனால் அசையாத மனிதர், டிவிக்காரன் சிரித்தால் மட்டும் எழுந்துவிடுவார் என்பது உன் கணக்கு. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், நமக்குக் கொயட் ஷிஃப்ட். ஊமைப் படத்தை வைத்துக்கொண்டு நான் முகத்தைத் தூக்கினேன். சத்தம் இருந்தாலும் எனக்கு அந்த இங்கிலீஷ் புரிந்திருக்காது, அது வேறு விஷயம். நீ முறத்தில் கோதுமையைப் போட்டுக்கொண்டு என் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். திரையில் தொப்பைக்காரர் வாயைத் திறந்தார். "ஏட்டி, என் துண்டை எங்கட்டி வச்ச?" என்றாய், தொண்டைக்குள்ளேயே, ஆண் குரலில்.

அப்படித்தான் தொடங்கியது. பேச்சே வராத அந்த மனுஷனுக்குப் பேச்சிமுத்து என்று பெயர் வைத்தாய். அவர் பெண்டாட்டி சந்தனம், பையன் சுடலை. அந்த ஊர் முழுக்கத் திருநெல்வேலித் தமிழ் பேசியது. பேச்சிமுத்து காரில் போவது வேலைக்கு அல்ல, சந்தனத்தின் அண்ணனிடம் சண்டைக்கு. சுடலை பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொன்னால், அது கட்டாயம் தப்பாகத்தான் இருக்கும். "இவன் யாரு மாதிரி இருக்காம்னு பாரு" என்று என் தொடையைக் கிள்ளுவாய்.

எனக்கு மிகவும் பிடித்தது பீரோ கதை. ஒரு பெரிய சாமானைத் துணி போட்டு மூடி லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். "சீதனப் பீரோ" என்றாய். "சந்தனத்தோட அப்பா இப்பத்தான் அனுப்பி வச்சிருக்காரு, கல்யாணமாகிப் பத்து வருசம் கழிச்சு." அது வாசலில் மாட்டிக்கொள்ளும். இழுப்பார்கள், தள்ளுவார்கள், நிலையே பெயர்ந்துவிடும். "வாசலை அளக்காம பீரோ அனுப்புனா இப்படித்தான்" என்று பேச்சிமுத்து மாமனாரை ஏசுவார். கடைசியில் துணியை உருவினால் பியானோ. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள். உனக்கு ஒரு நொடி மூச்சு நின்றது. நீ மாட்டிக்கொண்டாய் என்று நான் உன் முகத்தையே பார்த்தேன். நீ அசரவில்லை. "ஐயய்யோ, பீரோவுக்குப் பல்லு மொளைச்சிருக்கு!" நான் வாயில் தலையணையைத் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த ஆரம்பக் கதைகளில் படம் வரைந்தவர்களுக்கும் கை இன்னும் திருந்தவில்லை. இப்போது பார்க்கும்போதுதான் தெரிகிறது, எவ்வளவு கோணல். சுவரின் நிறம் சன்னலுக்குள் வழிகிறது. பேச்சிமுத்துவின் காது ஒரு காட்சியில் சிவப்பு, அடுத்த காட்சியில் காணோம். நீ அதையெல்லாம் கதைக்குள் போட்டு மூடினாய். காது சிவந்தால் கோபம், மூக்கு வீங்கினால் சளி. சுவர் வழிந்தால், "வெள்ளையடிக்க வந்தவன் பாதியில ஓடிட்டான், நம்ம வீட்டுக்காரரு மாதிரி ஆளு போல."

ஒன்றே ஒன்றுதான் உனக்குக் கஷ்டம். பேச்சிமுத்து கத்த வேண்டிய இடங்கள். கிசுகிசுவென்று எப்படிக் கத்துவது? வாயைப் பிளந்துகொண்டு அவர் நிற்பார், நீ என் கையைப் பிடித்து, "பொறு, வண்டி வரட்டும்" என்பாய். லோனாவ்லா லோக்கல் தடதடவென்று சன்னலை உலுக்கிக்கொண்டு போகும்போது, சேர்த்து வைத்த கத்தலை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டுவாய்: "எலே சுடலை, தடிமாடு, ஒங்கப்பன மாதிரியே தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கு!" அதற்குள் திரையில் பேச்சிமுத்து போய்விட்டிருப்பார், தொட்டிலில் கிடக்கும் குழந்தைதான் ஆண் குரலில் ஊரை ஏசிக்கொண்டிருக்கும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனாய். வரவில்லை. தங்கச்சிப் பாப்பாவுக்கு அப்போது நடக்கத் தெரியும், பேசத் தெரியாது. இப்போது மூன்றாம் வகுப்பு. பேச்சை நிறுத்தத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எதிர்வீட்டு மராத்திக்கார அம்மாள் காக்கு வீட்டில்தான் பாதி நேரம் இருப்பாள் என்பதால் அவள் தமிழில் மராத்தியும் இந்தியும் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கின்றன. அப்பா பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பழைய வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

பேச்சிமுத்துவைப் பற்றிப் பாப்பாவிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அம்மா பேசிய ஒவ்வொரு வசனமும் எனக்கு மனப்பாடம் என்று பெருமையடித்திருந்தேன். அது கொஞ்ச நாளாகப் பொய்யாகிக்கொண்டு வந்தது, அம்மா. உன் வசனங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. போன தீபாவளிக்கு நாக்கில் இருந்தது இந்தத் தீபாவளிக்கு இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? இருந்தது நீயும் நானும் மட்டும். பாப்பாவுக்கு உன் குரலில் ஒரு துளிகூட ஞாபகம் கிடையாது. என் வாயிலிருந்து வருவதுதான் அவளுக்கு நீ. அதுவும் தீர்ந்துவிட்டால் நீ அவளுக்குச் சுவரில் மாட்டிய ஒரு போட்டோ. சத்தம் அடைத்த டிவி.

இந்த ஞாயிற்றுக்கிழமை சிடியைப் போட்டோம். முதலில் சத்தத்தோடுதான் போட்டேன். இப்போது இங்கிலீஷ் புரிகிறதே, அவர்கள் உண்மையில் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்று பார்க்க ஆசை. பேச்சிமுத்து வாயைத் திறந்தார். சமீரின் குரல் மாதிரி மெலிசாக, மூக்கால் ஒரு குரல் வந்தது. யாரோ நம் வீட்டுக்குள் புகுந்து அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

கோபித்துக்கொள்ளாதே, அவர்கள் எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது. இப்போது டிவியில் வரும் புதுக் கதைகளில் எல்லோரும் மூச்சு விடாமல் ஜோக்கடிக்கிறார்கள். கோடெல்லாம் அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி நேர். அங்கே உனக்கு இடமே கிடைத்திருக்காது. இந்த ஆரம்பக் கதைகளில் அந்தத் தொப்பைக்காரர் கோமாளியாகவில்லை. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் யாரும் ஒன்றும் பேசுவதில்லை. அந்த இடைவெளிகளில்தான் நீ புகுந்து குடித்தனம் நடத்தியிருக்கிறாய்.

பாப்பா சிரிக்கவே இல்லை.

"அண்ணே, இதுல மஜாவே இல்ல. அம்மாவாலா போடு."

"அம்மாவாலா சிடியில வராது பாப்பா."

"உன்கிட்ட இருக்குல்ல? எல்லாம் யாத் இருக்குன்னு நீதானே சொன்னே?"

கட்டிலைப் பார்த்தேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையை இடுப்புவரை இழுத்துப் படுத்திருந்தார். சத்தத்தை அடைத்தேன். பாப்பாவை இழுத்து, உன் அளவுக்கு அவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பீரோ கதை தப்பில்லாமல் வந்தது. பல் முளைத்த இடத்தில் பாப்பா தரையில் உருண்டாள். எனக்கும் தெம்பு வந்துவிட்டது. அடுத்து கூரைக் கதை. உனக்கு அது ஞாபகம் இருக்கும். பேச்சிமுத்து ஏணி வைத்துக் கூரை மேல் ஏறுவார், ஏணி விழுந்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், வானம் நிறம் மாறும். உன் கதையில் அவர் கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்தவர். குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை. கடைசியில் சந்தனம் ஏணியை நிமிர்த்தி வைத்து மேலே ஏறுவாள். அவள் ஏறியதும் ஏணி மறுபடியும் விழும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெகு நேரம் யாரும் வாயைத் திறப்பதில்லை. பிறகு அவள் ஏதோ சொல்வாள், பேச்சிமுத்து சிரிப்பார்.

சற்று முன்பு சத்தத்தோடு பார்த்தபோது அவள் சொன்னது, இங்கே இருந்து பார்த்தால் நம் வீடு அவ்வளவு சின்னதாகத் தெரியவில்லை என்பது போல ஒன்று. நீ என்ன சொன்னாய்?

திரையில் சந்தனத்தின் வாய் அசைந்தது. என் வாய் அசையவில்லை. உன் மூச்சு என் காதில் பட்டது ஞாபகம் இருக்கிறது, முறத்தை நீ கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது, அந்த வார்த்தை மட்டும் இல்லை. சுடலை மாதிரி எழுந்து நின்று எதையாவது உளற வேண்டியதுதான்.

"ஏன், ஏணிக்கும் ஒங்க மேல கோவம் போல..."

பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். "இது நீ பண்ணது. அம்மா இல்ல."

"அம்மாதான்."

"ஜூட்! நீ பொய் சொன்னா மூக்கைத் தொடுவே. இப்ப தொட்டே." அவள் கண் நிரம்பிவிட்டது. "அப்போ முன்னாடி சொன்னதும் நீயே பண்ணதா? பல்லு பீரோவும்?"

அதுவும் போயிற்று என்று நினைத்தேன். இனிமேல் நான் எதைச் சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை. உண்மையாகவே நீ சொன்னதும் இந்த ஒரு புளுகோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும்.

"அவ அப்படிச் சொல்லலைலே."

கட்டிலிலிருந்துதான். திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே.

"'எறங்கணும்னு யாரு இப்ப அழுதா? சோத்தை மட்டும் யாராச்சும் மேல ஏத்திவிட்டாப் போதும். ஒங்க பக்கத்துல உக்காந்து எத்தன நாளாச்சு'ன்னா."

உன் வசனம். அப்பாவின் கரகரத்த குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல், பட்டறையில் கணக்கு ஒப்பிப்பது மாதிரி. ஆனால் அதுவேதான். கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"நீங்க தூங்கிட்டுல்லா இருந்தீங்க?"

"தகரத்துக்குக் கீழ பட்டப்பகல்ல எவன்ல ஒறங்குவான்? கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்போ... தடிமாடு, தின்னுட்டுத் தூங்குன்னு ரயில் சத்தத்துல சொன்னதெல்லாம்?"

"அதுவுந்தான். ரயிலென்ன என் காதுக்குள்ளயா போச்சு?"

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் ஏறிவிட்டாள். "பல்லு பீரோ அம்மாவாலாதானே அப்பா?"

"ஆமாட்டி. அன்னைக்குச் சிரிப்பை அடக்க முடியாம இருமுன மாதிரி நடிச்சேன். ஒங்கம்மா தண்ணி கொண்டாந்து வச்சுட்டு, முதுகுல ஒரு கிள்ளு கிள்ளிட்டுப் போனா."

"அப்போ அம்மாவுக்குத் தெரியுமா, நீங்க முழிச்சிருக்கது?" என்றேன்.

அப்பா இப்போதுதான் திரும்பினார். "தெரியாமலா பேச்சிமுத்துகிட்ட கொழம்பு கேட்டா? 'பேச்சிமுத்து, ராத்திரி டப்பாவுக்குப் புளிக்கொழம்பா, தக்காளியா'ம்பா. புளின்னா ஒரு காலை ஆட்டணும். தக்காளின்னா ரெண்டையும்." போர்வைக்குள் இரண்டு கால்களையும் ஆட்டிக் காட்டினார். பாப்பா கையைத் தட்டினாள்.

நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். என்னை நம்பு அம்மா, இது பள்ளிக்கூடத்தில் நடந்திருந்தால் லீவு விட்டிருப்பார்கள். அத்தனை மத்தியானமும் நீ எனக்காகக் கதை சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகவும்தான் சொன்னாய், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் வரும்போது நீ அடுப்பில், நீ உட்காரும்போது அவர் ஷிஃப்டுக்கு. ஒரே அறை, நடுவில் நான். உங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள வேறு இடம் எங்கே இருந்தது? அமெரிக்காவில் போய் ஒரு வீடு பிடித்திருக்கிறீர்கள். நான் பெரிய ரசிகன் என்று சட்டைக் காலரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் நடுவே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த தபால்பெட்டி நான்.

எனக்கு ஞாபகம் இல்லாத இடங்களை எல்லாம் அப்பா வைத்திருந்தார். அந்தச் சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பாப்பா விடாமல் அவரை இழுத்துக் கீழே உட்கார வைத்து, பேச்சிமுத்து இனிமேல் நீதான் என்று சொல்லிவிட்டாள். பேச்சிமுத்துவின் நிலைமையை நீ பார்க்க வேண்டும். உன்னிடம் அப்படி வாயடித்த மனிதர், ஒரு கதை முழுவதும் "ம்", "சரி", "பாப்போம்" என்ற மூன்றை வைத்தே ஒப்பேற்றினார். சுடலை நான், அதற்குப் போட்டி கிடையாது. சந்தனத்தை யாரும் எடுக்கவில்லை. அவள் வாய் அசையும்போது நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரையைப் பார்த்தோம்.

பாப்பாவுக்கு அந்தத் தயக்கம் எல்லாம் கிடையாது. காலி இடத்தைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை. "ஏ பேச்சிமுத்து, சல், உதர், கீழ இறங்கு! சோறு ஆறி டண்டா ஆகுது. சுடலை, நீ ஏன் பல்லைக் காட்டுறே, நீ என்ன பீரோவா?"

அப்பா சிரித்துவிட்டார். கண்ணை மூடாமல், இருமாமல், வாய்விட்டு. "ஒங்கம்மா இதைக் கேட்டிருந்தா..." என்று தொடங்கினார். அடித்திருப்பாளா, சிரித்திருப்பாளா என்று சொல்லவில்லை. இரண்டும் செய்திருப்பாய்.

ஆக, உன் வசனங்களைப் பாதுகாக்கும் வேலையிலிருந்து எனக்கு ரிட்டையர்மென்ட் கிடைத்துவிட்டது. அவை அப்பாவிடம் பத்திரமாக இருக்கின்றன. பாப்பாவிடம் புதிது புதிதாக ஊறுகின்றன. என்னிடம் மிச்சம் இருப்பது வேறு ஒன்று. யாராவது வாயை அசைத்து, சத்தம் என் காதுக்கு எட்டவில்லை என்றால், என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. போன வாரம் அசெம்ப்ளியில் மைக் செத்துப்போய், பிரின்சிபால் கையை ஆட்டி ஆட்டி வாயசைத்தார். நான் மராத்தியில் டப்பிங் கொடுத்தேன், தொண்டைக்குள்ளேயே. முன்னால் மூன்று வரிசை குலுங்கியது. நான் மட்டும் வெயிலில் நின்றேன். உன் மகன் என்பதற்கு அவர்கள் கொடுத்த சர்டிஃபிகேட் என்று வைத்துக்கொள்.

நேற்று காசர்வாடி ஸ்டேஷனில் நின்றிருந்தேன். எதிர் பிளாட்பாரத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் பட்டறை உடுப்பில், அந்த அம்மாள் கையில் பையோடு. பெரிய சண்டை. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் கையை உதறினார்; "நான் கேட்டது புளிக்கொழம்பு" என்றேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; "நீங்க வீட்டுல இருந்தால்லா கேக்கதுக்கு" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது லோனாவ்லா வண்டி வந்து மறைத்துவிட்டது. வண்டி போன பிறகு பார்த்தேன். பிளாட்பாரம் காலி. ஏறியிருப்பார்கள். ஒரே பெட்டியில்தான் ஏறினார்கள், உட்காரப் பக்கத்தில் பக்கத்தில் இடமும் கிடைத்தது என்று முடித்துக்கொண்டு, என் வண்டிக்காக நின்றேன்.